முட்டை ஓட்டுக் கணக்கு

டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்து
"அசையாமப் புடிச்சுக்கங்கம்மா" என்றான்
தாலூகா ஆபீஸ் பையன்.
ரோட்டிலிருந்து கடைக்கு
இருநூற்றி இருபது மீட்டர் வேணுமாம் சட்டத்துக்கு.
டேப்போ ஐம்பதுதான்.

முத்தூர்ச் சந்தைக்கு மேற்கே
ரொம்ப வருசம் கழித்துக் கள்ளுக்கடை ஏலம் விட்டபோது
எனக்குப் பத்தொன்பது.
அங்கண்ணன் எடுத்தார்.
பொழுது கிளம்புமுன் வண்டியில் பீப்பாய் இறங்கும்,
நுரை வழிந்து
சக்கரத்தில் எறும்பு ஏறும்.
மரத்துக்கு மரம் தாரில் நெம்பர், நெம்பருக்கு வரி.
மத்தியானம் சந்தை கூடினால்
பீப்பாய்க்குள் சாக்கரினும் கிணற்றுத் தண்ணியும் போகும்.
எந்தப் பஞ்சத்திலும்
அந்தக் கிணறு வற்றியதில்லை.

நான் விற்றது முட்டை.
கள்ளுக்கு மொளகாத்தூள் தூக்கலாக.
சாராயத்துக்கு உப்பு போதும், நாக்கு ஏற்கெனவே செத்திருக்கும்.
பிராந்திக்காரர்கள்தான்
மிளகு வை, வெங்காயம் வை என்பார்கள்.

"கொஞ்சம் முன்னால வாங்கம்மா."
இரண்டாவது ஐம்பது.

கன்று விற்ற காசோடு ஆம்பளைகள் நுழைவார்கள்.
பின்னாலேயே பொண்டுக வந்து
என் அடுப்போரம் குனிந்து கேட்பார்கள்:
"எங்கூட்டுக்காரரு எத்தன முட்டைங்க்கா?"
ஓட்டை எண்ணிச் சொல்வேன்.
ரெண்டென்றால் பருத்திக்கொட்டை வாங்கலாம்.
அஞ்சென்றால் நடந்துதான் ஊர் போகணும்.
பாவாயிக்கு மட்டும் ஒருமுறை
ஏழை மூன்றாக்கிச் சொன்னேன்.
அவள் ஓட்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடைத்தார்கள், திறந்தார்கள், மறுபடி அடைத்தார்கள்.
அடைத்த வருசங்களில் அங்கண்ணன் வட்டிக்கு விட்டார்.
வேலம்பட்டை ஊறல் ஓடைக்குள் போனது.
நானும் போனேன், சட்டியோடு.
ரெய்டு வந்த போலீசும் முட்டை தின்றார்கள்,
காசு மட்டும் தந்ததில்லை.
அப்புறம் சர்க்காரே வந்து
கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்தது,
சில்லறை இல்லை என்றபடி.

மூன்று. நாலு.
தென்னந்தோப்பு முடிந்து வாய்க்காலும் தாண்டியாச்சு.
மிச்ச இருபதுக்கு
அவன் ஓடிப்போய் நின்ற இடத்தில் ஒரு பனை.
அடிமரத்தில் தார் நெம்பர்,
முதல் எழுத்து அழிந்து
கடைசியில் ஒரு ஏழு மட்டும்.

"இங்கதாங்கம்மா. நுனிய வுட்டுருங்க."

விட்டேன்.
சாயங்காலம் அந்தப் பனையின் நிழல்
எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தேன்,
அடுப்பு வைக்க.