நாற்பத்தோரு நொடி

நக்கூருவில் இரவு ஒரு மணி.
கோப்புகளை அனுப்புகிற ஊரில்
நேற்றைய சாயங்காலமே இன்னும் முடியவில்லை.
அவர்கள் கடையடைக்கும்போது
எனக்குக் கடை திறக்கிறது:
ஒரு மடிக்கணினி, காலடியில் மிதிகட்டை,
பஞ்சு உதிர்ந்த ஹெட்போனுக்கு
மொராவின் பழைய காலுறையை வெட்டித் தைத்திருக்கிறேன்.

மிதித்தால் பேசுவார்கள்.
காலை எடுத்தால் சொல்லின் நடுவிலேயே நிற்பார்கள்.
இப்படியோர் அதிகாரம்
பகலில் எனக்கு யாரிடமும் கிடையாது.

விதிகள் பதினேழு பக்கம்.
திக்கல், திணறல், 'ம்', 'வந்து' எல்லாம் நீக்கு.
ஒருவர் தன்னைத்தானே திருத்திக்கொண்டால்
திருத்தியதை மட்டும் வை.
இருமல், நாய், பாத்திரச் சத்தம் எழுதாதே.
கூலி ஒலியின் நிமிடத்துக்கு,
என் நிமிடத்துக்கு அல்ல.
அவர்களுடைய ஒரு நிமிடம் எனக்கு நான்கு;
வக்கீல் என்றால் ஏழு.
அதனால் யாராவது பேசாமல் இருந்தால்
எங்களுக்குக் கொண்டாட்டம்.
மௌனம்தான் போனஸ்.

வெண்டல் ஹோகன்சன், நெப்ராஸ்கா, எழுபத்தாறு வயது.
ஆலங்கட்டி மழையில்
தானியக் கொட்டகையின் கூரையைப் பறிகொடுத்தவர்.
காப்பீட்டுக் கம்பெனி அவரை மூன்று முறை விசாரித்தது.
மூன்றும் என்னிடமே வந்து விழுந்தன;
எப்போதாவது அப்படி நடக்கும்.

மார்ச் மாதக் கோப்பு.
'எப்போது ஆரம்பித்தது?'
'ராத்திரி.'
'ராத்திரியா? விடியக்காலை, வெண்டல்!'
தூரத்தில் ஒரு பெண்குரல்,
குழாய்த் தண்ணீரின் மேலேறி.
'சரி, விடியக்காலை.'

மே மாதக் கோப்பு.
அதே கேள்வி, அதே ராத்திரி.
அதே சமையலறை, கொஞ்சம் இருமிவிட்டு,
'விடியக்காலை. எத்தனை தடவை சொல்வது?'
நான் சிரித்த சத்தத்தில் மொரா புரண்டு படுத்தாள்.
மைக்குக்குப் பேசாதவர்களுக்கு
விதிப்படி பெயர் இல்லை, எண் இல்லை.
அவளை நான் எங்கும் எழுதவில்லை.

ஆகஸ்ட் கோப்பைத் திறந்தபோது மணி நாலரை.
காதுக்குள் ஏதோ கொட்டத் தொடங்கியது.
அவர்கள் மழையா எங்கள் மழையா என்று
ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன்.
எங்கள் தகரம்தான்.

'எப்போது ஆரம்பித்தது, மிஸ்டர் ஹோகன்சன்?'
'ராத்திரி.'

அப்புறம் ஒன்றுமில்லை.
குளிர்பெட்டியின் உறுமல்.
நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.
விசாரிப்பவர் ஒரு தாளைப் புரட்ட ஆரம்பித்து
பாதியில் நிறுத்தினார்.
திரையில் ஒலியின் கோடு
தரையோடு தரையாய்ப் படுத்துவிட்டது.
குழாயை யாரும் திறக்கவில்லை.
அவர் காத்திருந்தார்.
எதற்கென்று கேள்வி கேட்டவருக்குத் தெரியாது,
எனக்குத் தெரியும்,
நானும் காத்திருந்தேன்.

'இல்லை,' என்றார். 'விடியக்காலை.'

பின்னால் ஓட்டி மறுபடி மிதித்தேன்.
மறுபடியும்.
அந்த இருமலாவது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று
சத்தத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தேன்.
மின்சாரத்துக்குப் போட்ட காசு தீரப்போவதாக
மீட்டர் கீச்சிட்டதும்தான் காலை எடுத்தேன்.

விதிப்படி மிஞ்சுவது ஒரே சொல்.
அதை எழுதினேன்.
கேள்விக்கும் அதற்கும் நடுவே
ஒரு வரியைக் காலியாக விட்டேன்.

சீருடையில் தலை சிக்கியபடி மொரா கேட்டாள்,
'ராத்திரி மழை பெய்ததா அம்மா?'
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
'விடியக்காலை,' என்றேன்
தேவைக்கு மேல் உரக்க.

வியாழக்கிழமை மதிப்பாய்வு வந்தது.
தட்டெழுத்தர் எண் 4471:
தேவையற்ற காலி வரி நீக்கப்பட்டது.
அரைப் புள்ளி குறைப்பு.

நாற்பத்தோரு நொடிக்கான கூலி மட்டும்
காசு குறையாமல் வந்து சேர்ந்தது.
தேநீர் ஒன்று, மண்டாசி இரண்டு.