இருபத்தொன்றரைக் கிலோ

சாவி வெட்டும் கடையின் பின்னறையில்
லூபென் மூன்று சுருள்களை எடுத்து வைத்தான்.
கறுப்பு, ஐந்து விளிம்பு கொண்டது.
தேன் நிறத்தில் ஒன்று, முறுக்கியது.
மூன்றாவது சாம்பல், உருண்டை, வழவழப்பு,
கூட்டத்தில் பெயர் கேட்க மறந்துபோகிற ஆள் மாதிரி.

உனக்கு என்ன வேண்டும் என்றான்.

ருமியானாவின் தோளுக்கு மேலே பந்து எழவேண்டும்.
வேறொன்றும் வேண்டாம்.
பசர்ஜிக்கில் மருந்துக்கடை வைத்திருப்பவள் அவள்.
நான்கு கோடையாக என் பந்துகளைச்
சில்லறைபோல் எண்ணி எண்ணித்
திருப்பித் தந்துகொண்டிருக்கிறாள்.

கறுப்பைத் தொட்டேன்.
விளிம்பு விரலில் நெருடியது.
பல் இருப்பது கடிக்கும் என்று நம்ப
எவ்வளவு நேரமாகும்?
இருபத்து நாலு கிலோவில் இழுத்துக் கட்டு என்றேன்.
லூபென் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான்.
அவனுக்கு வயது இருபத்து நாலு.
ஆண்டுக்கொரு கிலோவா என்று கேட்டான்.

ஜூன் முழுக்க அது கடித்தது.
செம்மண்ணில் விழுந்த பந்து
வெயில் காய்ந்த கல்லை மிதித்தவள்போல் துள்ளியது.
ருமியானா பின்வாங்கினாள், வேலி முதுகில் இடிக்கும்வரை.
ஒரு செட் எனக்கு.
நான்கு கோடையில் முதல் செட்.

அன்றிரவு இரண்டு மணிக்கு
அடுமனையில் மாவுத் தொட்டியைத் தூக்கும்போது
முழங்கைக்குள் யாரோ சுண்டினார்கள்.

நரம்பு.
மட்டையில் கட்டியதும் நரம்புதான்,
தோலுக்கடியில் துடித்ததும் நரம்புதான்.
ஒன்றை முடுக்கினால்
இன்னொன்று ஒலிக்கிறது.

பதினைந்தாம் நாள் மட்டையின் குரல் மாறியது.
டங் என்றிருந்தது டொப் என்றானது.
அறுந்திருந்தால் புரிந்திருக்கும்.
பாலியெஸ்டர் அறுந்து சாவதில்லை;
முழுதாக, மினுமினுப்பாக, கட்டியபடியே செத்திருக்கும்.
கோட்டுக்கு வெளியே ஒரு சாண், பிறகு ஒரு முழம்
என்று பந்துகள் போய் விழ,
நான் மரித்சா ஆற்றுக் காற்றைத் திட்டினேன்.
காலணியைத் திட்டினேன்.
வரைந்த கோட்டையும்தான்.

லூபென் நடுவிலிருந்து வெட்டத் தொடங்கினான்.
கத்தரி பட்ட இடமெல்லாம் பட், பட்.
சட்டகம் லேசாக அகன்றதுபோல் இருந்தது, என் பிரமையோ என்னவோ.
பிறகு ஆணியில் தொங்கிய தன் மட்டையை எடுத்துச்
சாம்பல் நரம்பொன்றை நகத்தால் ஓரமாய்த் தள்ளி
விட்டான்.
போன வேகத்தில் இடத்துக்கு வந்தது.
"கடிச்சா கொஞ்சம் சுத்தும்.
வழுக்கிப் போய்த் திரும்பி வருது பாரு,
அதுலதான் நிறைய சுத்தும்."
சொல்லிவிட்டு
யாருடைய அலமாரிச் சாவிக்கோ நகல் எடுக்கப் போய்விட்டான்.

நான் நம்பவில்லை. கை நம்பியது.

தடிமன் ஒன்று புள்ளி இரண்டு ஐந்து.
இருபத்திரண்டு கிலோ என்றேன்.
இருபத்தொன்று என்றான்.
மீன் விலை பேசுவதுபோல் பேசி நடுவில் நின்றோம்.
பாவு பதினாறு, ஊடை பத்தொன்பது.
மேலொன்று கீழொன்றாய் அவன் நுழைத்து இழுப்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஈஸ்டர் ரொட்டிக்கு நான் மாவு பின்னும் வேகம்
அதில் பாதிகூட இல்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.
தோற்றேன்.
மூன்றாம் செட், ஏழுக்கு ஐந்து.
ஆனால் பந்து மேலே ஏறி, யோசித்து,
கோட்டுக்கு உள்ளேயே இறங்கியது.
இருமுறை அவள் "வெளியே" என்று கை தூக்கி,
மண்ணில் தடத்தைக் குனிந்து பார்த்து,
கையை மெதுவாக இறக்கினாள்.
அந்தக் கை இறங்கிய விதத்தை
வீடுவரை எடுத்துப் போனேன்.

வலையருகே கைகுலுக்கும்போது
முழங்கையைப் பார்த்துச் சொன்னாள்:
"களிம்பு இருக்கு, கடைக்கு வா.
தள்ளுபடி கிடையாது."

கறுப்பு நரம்பு கட்டியபோது மிஞ்சிய முழ நீளம்
இன்னும் என் மேலங்கிப் பையில் இருந்தது.
வெந்நீரில் கழுவினேன்.
இரவு இரண்டு மணி,
பட்டைத்தூள் தூவிச் சுருட்டிய மாவின் அடியில்
அதை நுழைத்து, மேலே குறுக்காகப் போட்டு
இரண்டு முனையையும் இழுத்தேன்.

நசுங்காமல், பிசிறில்லாமல்
ஒரு வட்டம் விழுந்தது.

கடி, என்றேன் அதனிடம்.
இன்னும் எண்பது இருக்கிறது.