கிணற்று மஞ்சள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிணறு.
எலுமிச்சைத் தோல் நிறத்தில் தண்ணீர்.
இதில் எதுவும் பிழைக்காது என்றார் முனிரத்தினம்,
லுங்கியை மடித்துக்கட்டி, வாளியை இறக்கிக்கொண்டே.

ஒன்று பிழைத்திருந்தது.

லத்தீனில் நீளமான பெயர் அதற்கு.
நாங்கள் கூப்பிட்டது கிணத்தான் என்று.
குரோமிய நஞ்சை வாங்கி
பாதி சாதுவாக்கித் துப்புகிற புரதம் ஒன்று
அதன் உடம்புக்குள்.
அதுவும் மஞ்சள்தான்.

பதினான்கு மாதம்
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
உப்பைக் கூட்டினோம், குறைத்தோம்.
காட்பாடி ஏப்ரலில் இன்வெர்ட்டர் சத்தம் நின்றால்
நஸ்ரின் சோற்றுக்கையோடு ஓடுவாள்.
குளிர்பெட்டி நாலு டிகிரி ஏறினால் போதும்,
விளைந்ததெல்லாம் கஞ்சி.

ஜூலையில் ஒரு புதன்கிழமை
ஏழாவது குழியில்
பச்சை மஞ்சளை நகத்தால் கிள்ளிப் போட்ட மாதிரி
ஐந்து துணுக்கு.
மயிரிழைத் தடிமன்.

நைலான் கண்ணியில் ஒவ்வொன்றாய்த் தூக்கி
திரவ நைட்ரஜனில் முக்கி
புகை கக்கும் அலுமினியக் கலத்தில் அடைத்து
ஆட்டோவில் ஏற்றினால்
"மாட்டு ஊசியாம்மா? எந்த ஊர்க் காளை?"
"வெளிநாடு போற காளைண்ணா."
ஜங்ஷன் வரைக்கும்
பள்ளம் பார்த்து ஓட்டினார்.

அங்கே
அரைக் கிலோமீட்டருக்கும் மேல் சுற்றுள்ள வளையத்தில்
எலக்ட்ரான்கள் ஓடுகின்றன.
நேரே ஓடும்வரை ஒன்றுமில்லை.
காந்தம் வளைக்கும்போது, திருப்பத்தில்,
எக்ஸ் கதிர் தெறிக்கிறது,
கிரீன் சர்க்கிளில் பஸ் திரும்ப
படியில் தொங்குகிறவன் வெளியே வீசப்படுவதைப் போல.

எங்களுக்கு எட்டு மணி நேரம்.
அங்கே மாலை ஆறு, இங்கே இரவு ஒன்பதரை.
பரோட்டா பொட்டலத்தின் எண்ணெய் படாமல்
இங்கே மௌஸை அழுத்தினால்
அங்கே ஓர் இயந்திரக் கை
படிகத்தை எடுத்துக் கதிர்முன் நிறுத்துகிறது.

முதலாவதில் பனிக்கட்டி.
இரண்டாவது வழியிலேயே உடைந்திருந்தது.
மூன்றாவது
தார் ரோட்டில் முதல் தூறல் விழுந்த மாதிரி
திரை முழுக்கப் புள்ளி.

எங்கள் ஊரை இல்லாததைச் சொல்லித்தான்
அறிமுகம் செய்வார்கள்:
தண்ணீரில்லாத ஆறு,
மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
இந்தப் புள்ளிகளும் எங்கள் ஊர்தான்.
ஒவ்வொன்றின் வெளிச்சமும் இருந்தது.
எந்த அலை முந்தி வந்தது, எது பிந்தி,
அது மட்டும் இல்லை.
அது இல்லாமல் உருவமே இல்லை.

அதற்காகவே நான்காவதை
குரோமியத்தில் ஊறவைத்து அனுப்பியிருந்தோம்.
அலைநீளத்தை
இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே திருப்பினாள் நஸ்ரின்.
பாலாற்றைக் கெடுத்த அதே உலோகம்
அந்தக் கதிரை அளவுக்கு மீறி விழுங்கி
தான் ஒளிந்திருந்த இடத்தைக்
காட்டிக்கொடுத்துவிட்டது.
"அப்ரூவர் ஆயிட்டான்டீ" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கதிர் பட்ட இடத்தில்
படிகம் வெளுத்துக்கொண்டிருந்தது.
மஞ்சளுக்கு நடுவே நிறமற்ற ஒரு பொட்டு.
நாம பாக்கறது புரதத்தையா,
பாத்ததால மாறிப்போன புரதத்தையா?
மணி இரண்டு.
கட்டுரையில் அதற்கு ஒரு வரி ஒதுக்குவோம்.

ஐந்து மணிக்கு உருவம் வந்தது.
நீல வலைக்குள் மடிப்பு மடிப்பாய்ச் சங்கிலி.
இரு மடிப்புகளுக்கு இடையே ஒரு பள்ளம்.
பள்ளத்தில் குரோமியம்,
அளவெடுத்துத் தைத்த பையில் உட்கார்ந்ததுபோல்.

நஸ்ரின் அந்தப் பள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவள் அத்தா விஷாரத்தில்
தோல் டிரம் கழுவி ஓய்ந்தவர்.
வலது கைவிரல் கணுவில்
மிளகு பதித்தெடுத்த மாதிரி ஒரு குழி, ஆறாதது.
அவள் அதைச் சொல்லவில்லை.
அளவுகோலை இழுத்து
தூரங்களைக் குறிக்கத் தொடங்கினாள்.

விடிந்ததும் முனிரத்தினத்துக்கு போன்.
"இன்னாம்மா, போட்டோ நல்லா உழுந்துச்சா?"
"விழுந்துச்சுங்க. ரொம்ப நல்லா."
"கெணறு?"

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.
"கெணறு அப்படியேதாங்க இருக்கு" என்றேன்.