ஒளிபரப்புக்கு முன்

ஆறாம் வாரம் நான் வெளியேறிவிட்டேன்.
அது ஆகஸ்டில், மத்ரீதில்,
இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்குமென்று
ஏ.சி.யை அணைத்துவைத்திருந்த கொட்டகையில்.

இப்போது பிப்ரவரி.
நீஹரில் குடைமிளகாய் தரம்பிரிக்கும் பெல்ட் முன் நிற்கிறேன்.
சிவப்பு இடப்பக்கம், மஞ்சள் வலப்பக்கம்,
கோணல்மாணல் எல்லாம் கீழே.
ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கம்
என் வாய்க்குப் பூட்டு.

ஞாயிறு இரவுகளில் அமாதோரின் பாரில்
எனக்காகக் கூடுகிறார்கள்.
நானும் போகிறேன், போகாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.
கரும்பலகையில் சாக்பீஸ்:
கசில்தா இன்வெர்னதேரோ ஜெயித்தால்
ஊருக்கே இலவச பீர்.
பசுமைக்குடில் கசில்தா. அது நான்தான்,
மற்ற ஆறு நாளும் எலோய்.

பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஃபுவென்சாந்தா
என்மேல் நாற்பது யூரோ கட்டியிருக்கிறாள்.
திரிஸ் இருபது, மனைவிக்குத் தெரியாமல்.
பணத்தைத் திரும்ப வாங்கு திரிஸ்,
முட்டிவலிக்கு மருந்து வாங்கு
என்று சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னது: பார்க்கலாம்.

திரையில் நான் உயரமாக இருக்கிறேன்.
காற்றில் கிழிந்து வேலியில் தொங்கிய
பசுமைக்குடில் பாலித்தீன், பதினெட்டு மீட்டர்,
பூச்சிமருந்து வாடை போக மூன்று முறை அலசி
கொசுவம் வைத்துத் தைத்த பாவாடை.
இது என்ன, பட்டா? என்கிறார் நடுவர்.
அவர் நக்கலுக்குச் சிரிக்காத பார்
பாவாடையை அடையாளம் கண்டு சிரிக்கிறது.
"எங்கள் கூரை" என்று பதில் சொல்லியிருந்தேன்.
அதை வெட்டிவிட்டார்கள்.

ஆறாம் ஞாயிறு.
யாரோ பாடிய பாட்டுக்கு உதடு மட்டும் அசைக்கும் போட்டி.
பில்பாவோக்காரி குட்டிக்கரணம் போடுகிறாள்.
நான் அப்படியே நிற்கிறேன்,
நிற்பதே வித்தை என்று அன்றைக்கு நினைத்தேன்.
பிறகு முகம் மிக அருகில். ஒரு சொட்டுக் கண்ணீர்.

அது இந்தக் கண்ணீரே இல்லை.
செவ்வாயன்று ஒட்டு இமையின் பசை கண்ணுக்குள் போனபோது வந்தது.
வியாழக்கிழமைத் தோல்வியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.
நல்ல தையல்.
தைப்பவன் நானே தேடினேன்,
மூட்டு தெரியவில்லை.

பாரில் குளிர்ப்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
ஃபுவென்சாந்தா திரும்பாமலே கேட்டாள்:
எப்போதிலிருந்து தெரியும்?
ஆகஸ்டு.
அடப்பாவி,
ஆறு மாதம் என் எதிரே நின்று மிளகாய் பொறுக்கினாயே,
இதில் பாதி நடிப்பை அங்கே காட்டியிருந்தால்
என் நாற்பது யூரோ திரும்பி வந்திருக்கும்.

முதலில் சிரித்தது திரிஸ்.
அமாதோர் பலகையைத் துடைத்து
மறுநாள் சாப்பாட்டை எழுதினான்:
பருப்பு சூப், ஒன்பது யூரோ.
பீர் எப்படியும் வந்தது, கணக்கில்.

அதற்குப் பிறகு சரகோசா, முர்சியா,
ஒரு செருப்புக்கடைத் திறப்புவிழா,
பெயரைத் தப்பாக அச்சடித்த மூன்று சுவரொட்டிகள்.
அடுத்த வருடத்துப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள்,
கூலி கொஞ்சம் இறங்கிவிட்டது.
மேடை ஏறியதும் யாரும் கேட்காமலே
எங்கள் கூரை என்கிறேன், பாவாடையை விரித்து.
சிலர் கைதட்டுகிறார்கள்.

நண்பகலில் வேன் சூடேறும்போது
பின்னாலிருந்து பூச்சிமருந்து வாடை வருகிறது,
மூன்று முறை அலசியும்.