இரண்டு விரற்கடை

பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவள் நான்.
வூட்ஜ் நகரத்தின் ரெட்கினியாவில்
பதினொரு மாடிக் கட்டடங்கள், ஒன்றைப்போல் இன்னொன்று,
எல்லாவற்றிலும் அதே பச்சைக் கதவு.
இரவில், சமையல் மேசையில்
தட்டுகளை ஒதுக்கிவிட்டு
என் கிதாருக்கு ஒரு நடுக்கம் செய்துகொண்டிருந்தேன்.

சுருதி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.
ஒலி மட்டும் பெருகி, வடிந்து,
பெருகி, வடிந்து.
கடையில் கிடைக்கிறது. விலை என் அரைமாத வாடகை.
அதற்காகச் செய்யவில்லை என்று போரிஸிடம் சொன்னேன்.
முதல் வாரம் அதற்காகத்தான்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்:
சூட்டில் சுருங்கும் கறுப்புக் குழாய், சுண்டுவிரல் நீளம்.
ஒரு முனையில் கடுகளவு விளக்கு.
எதிரே, வெளிச்சம் பட்டால் இளகும் ஒரு மின்தடை.
லைட்டரைக் காட்டி இரு முனையும் மூடினால்
அந்த இருட்டில் அவை இரண்டு மட்டும்.
சிப் எண்ணைச் சொல்லும்,
விளக்கு கேட்டு மங்கும், பொங்கும்,
தடை அதைப் பார்த்து வழிவிடும், மறிக்கும்.
கிதாரின் ஒலியை எண் தொடுவதே இல்லை.
இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
பூனைகூட இல்லாத வீடு.
ரேடியேட்டரிடம் சொன்னேன்.

பெடலுக்கு உயிர் வந்தபோது
கூடவே வந்தது ஒரு டிக்.
ஒவ்வொரு அலைக்கும் ஒன்று, தவறாமல்,
அழைக்காத விருந்தாளி செருப்பைக் கழற்றுவதுபோல்.
மூன்று இரவு தேடினேன்.
கம்பியை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன்,
புதுப் பெட்டியில் சுவிட்சின் துளை இடம்தப்பியது,
அரத்தால் ராவினேன்,
கெட்ட வார்த்தை சொன்னேன், மெல்ல,
சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை தூங்குகிறது.
நான்காம் இரவுதான் உறைத்தது:
சிப்பும் கிதாரும் ஒரே கம்பி வழியாகத்
தரைக்குப் போகின்றன.
குறுகின படியில் இருவர் சேர்ந்து இறங்கினால்
தோள் இடிக்காதா?
தனித்தனி வழி விட்டேன்.
விளக்குக்கு முன்னால் ஒரு மின்தேக்கி.
டிக் போயிற்று.
அப்போதுதான் காதில் விழுந்தது
தெருவில் கடைசி டிராம்.

வளைவு, முக்கோணம், சதுரம், ரம்பப்பல்.
நான்கு அலை போதும்.
குமிழ் மட்டும் பழைய சலவை இயந்திரத்தினுடையது,
அதற்கு ஐந்து இடம்.

பதினான்காம் எண் கட்டடம், ஆறாம் மாடி.
லிஃப்ட் வந்து, நிற்காமல்
இரண்டு விரற்கடை மேலே போய்,
நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல் ஒரு கணம் நின்று,
மெல்ல இறங்கிச் சமன்படும்.
லியோகாடியா பியாசெட்ஸ்கா
மார்ச்சிலிருந்து ஏழு புகார் எழுதியிருக்கிறார்,
வயிற்றுக்குள் ஏதோ அலைகிறது என்று.
அவரோடு ஏறினேன். எனக்கும் அலைந்தது.
"தெரிகிறதா?"
"தெரிகிறது."
"சரிசெய்துவிடுவீர்களா?"
"இன்னொரு முறை போய்ப் பார்ப்போம்."
பன்னிரண்டு முறை போனோம்.

ஏழாவது புகாரின் பின்பக்கம்
அறுபத்து நான்கு எண்கள் எழுதினேன்.
பூஜ்யத்தில் தொடங்கி
இருநூற்றில் நிற்க வேண்டியது
இருநூற்றுப் பதினெட்டுக்குப் போய்,
வெட்கப்பட்டுத்
திரும்பி வருகிற வரிசை.

நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் ஒத்திகை.
குமிழை ஐந்தில் வைத்தேன்.
ஒரே ஒரு ஈ மைனர்.
போரிஸ் குச்சிகளைக் கீழே வைத்தான்.
ஸெனோபியா பேஸ் கிதாரோடு தூணில் சாய்ந்தாள்,
ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி.
"என்ன அலை இது?"
"ஆறாம் மாடி."
அவர்களுக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

மறுநாள் காலை, பிரேக்கின் திருகைக்
கால் சுற்று இறுக்கினேன்.
லிஃப்ட் தரையோடு தரையாக நின்றது.
லியோகாடியா சக்கரப் பையை
உள்ளும் வெளியும் இழுத்துப் பார்த்தார்.
தட்டவில்லை.
"இப்போது ஒன்றுமே தெரியவில்லை" என்றார்,
பாராட்டா குறையா என்று பிடிபடாத குரலில்.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.
படியில் இறங்கினேன்.