பூர்வீகம் என்ற கட்டம்

வேப்பனப்பள்ளி தாண்டி
சாலை தெலுங்காக மாறுவதற்கு முன்னால்
கடைசி கிரானைட் பட்டறை எங்களுடையது.
அங்கே நான் கணக்கு.

ஆதாரில் அவர் பெயர் ஹர்க்கமான் சுப்பா.
சூப்பர்வைசர் முனிரத்தினம்
அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தையும் பார்த்துவிட்டு
"ஏமய்யா சுப்பா, நெல்லூரா கடப்பாவா?" என்றார்.
பட்டறையே சிரித்தது.
அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

சுப்பா என்பது பெயரே இல்லையாம்.
எப்போதோ ராஜாக்கள்
ஊர்த்தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம்;
நிலம் போன பிறகும் பட்டம் ஒட்டிக்கொண்டது.
குலப்பெயர் நெம்பாங்.
லிம்பு என்பது மற்றவர்கள் சொல்வது.
தங்களுக்குள் யாக்துங்.
இத்தனைக்கும் படிவத்தில்
பதினெட்டுக் கட்டம்தான்.

அடுத்த வரி: பூர்வீகம்.

"டென்டம், மேற்கு சிக்கிம்."
எழுதப் போனேன்.
"அது நான் பிறந்தது. பூர்வீகம் என்றால்..."
அரைகுறை இந்தியில், மிச்சம் கையில்:
பாதிப் பேர் காசியிலிருந்து ஏறி வந்தார்களாம்.
பாதிப் பேர் லாசாவிலிருந்து இறங்கி வந்தார்களாம்.
இரண்டு பாதியும் போக
இன்னும் சிலர் எங்கிருந்தும் வரவில்லை,
பாறை பிளந்து வெளியே வந்தவர்கள்.

"நீங்க எந்தப் பாதி?"
அப்பா வழி லாசா, அம்மா வழி காசி.
இரண்டு ஊரையும் பார்த்ததில்லை.
"அப்ப பாறை?"
பேப்பர் பறக்காமல் நான் வைத்திருந்த
கறுப்புத் துண்டை எடுத்து
அடிப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

நான் யார் இதைக் கேட்க.
வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ்,
குலசாமி குப்பத்துக்கு அந்தப் பக்கம்,
ஓட்டு இந்தப் பக்கம்.
பெண் பார்க்க வந்தவர்கள்
"நீங்க எங்கேர்ந்து வந்தவங்க?" என்றபோது
காபி ஆறுது என்றாள் அம்மா.

மத்தியானம் என் டப்பாவில் களி உருண்டையைப் பார்த்து
"கோதோ!" என்று கத்திவிட்டார்.
அவர்கள் ஊரில் கேழ்வரகைத் தின்பதைவிடக் குடிப்பது அதிகமாம்:
புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி,
மெல்லிய குழலால் உறிஞ்சி.
அடுத்த மாதம் ஷெட்டுக்குப் பின்னால்
பிவிசி பைப் ஒன்றரை அடி காணாமல் போனது.
சேதாரம் என்று எழுதினேன்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது:
"ஏதாவது ஒரு ஊர் மட்டும் குறிப்பிடவும்."
இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.

ஒரு கல்லை அறுக்க
ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் ஆகும்.
ரம்பத்துக்குத் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது அவர் வேலை.
முடிந்ததும் மற்றவர்கள் பீடிக்குப் போகிறார்கள்.
பலகை பலகையாகப் பிரிக்கும்போது
அவர் மட்டும் குனிந்து உள்ளே பார்க்கிறார்.
இதுவரை யாரும் இல்லை.