பேசிக்கொண்டே இரு

பதினோரு நாளாய் எங்களுக்குள் பேச்சில்லை.
உப்பு வேண்டுமென்றால் மேசையைத் தட்டினேன்.
அவள் உப்பை நாயின் பக்கமாய் நகர்த்தினாள்.

ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டது.
திராட்சை யார் கோபத்துக்கும் காத்திருக்காது.
கழுத்துவரை மண்ணில் புதைந்த பெரிய தாழியை
(ககேதியில் நாங்கள் க்வெவ்ரி என்போம்)
கழுவியாக வேண்டும்.
சின்னதென்றால் மேலே மண்டியிட்டபடியே
நீளக் கழியால் தேய்த்துவிடலாம்.
இது இரண்டாயிரம் லிட்டர். ஆள் இறங்க வேண்டும்.
அந்த வாய்க்குள் என் தோள் நுழைந்து
பன்னிரண்டு வருடம் ஆயிற்று.
மக்வாலா நுழைவாள்.

முதலில் மெழுகுவத்தியைக் கயிற்றில் இறக்கினேன்.
அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது.
அணையவில்லை. அடிவரை போய்
ஒரு மஞ்சள் காசாக நின்றது.
பிறகு ஏணி.
பிறகு இடுப்பில் கயிற்றோடு அவள்.
அவள் கையில் செர்ரிப் பட்டைத் தேய்ப்பான்:
வட்ட வட்டமாய் வெட்டி, நடுவில் துளைத்து,
தாள்போல் அடுக்கிக் கழிமுனையில்
இறுக்கிக் கட்டியது.
ஈரம் பட்டால் மெத்தென்றாகும்; ஆனாலும்
அழுக்கை விடாது, களிமண்ணைக் கீறாது.
இரும்பு நாருக்கு இந்த நிதானம் கிடையாது.
எனக்கும்தான்.

ஒரே ஒரு சட்டம்:
உள்ளே இருப்பவர் குரல் நிற்கக் கூடாது.
பாடலாம், எண்ணலாம், திட்டலாம்.
நின்றால் மேலே இருப்பவன்
கயிற்றை இழுக்க வேண்டும்.
ஜும்பெர் வீட்டுத் தாழியிலிருந்து எப்போதும் பாட்டு வரும்.
எங்கள் தாழியிலிருந்து
ஓர் அக்ரூட் மரம் வந்தது.

"என்னைக் கேட்காமல் விற்றாய்." சர்க்.
"என் அப்பா நட்டது." சர்க்.
"ஒரு டிராக்டர் சக்கரத்துக்காக." சர்க், சர்க்.
"அதுவும் பழைய சக்கரம்."
தாழி அவள் குரலை வாங்கி
தேவாலய மணியாக்கி வெளியே விட்டது.
எதிர்வீட்டு ஷுஷானா
ஒரே சட்டையை மூன்று முறை உதறினாள்.

சாம்பல் கேட்டாள், இறக்கினேன்.
வெந்நீர் கேட்டாள், இறக்கினேன்.
நீளக் காம்புச் சுரைக்குடுவையால்
கலங்கலை மொண்டு மொண்டு ஊற்றினேன்.
குடுவை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும்
ஒரு வருடம் பின்னால் போனாள்.
கல்யாணத்தன்று என் சித்தப்பா உளறியதுவரை
வந்துவிட்டாள்.

அப்புறம் நின்றது.
பேச்சு நின்றது. சர்க் நின்றது.
கயிறு தொளதொளவென்று கிடந்தது.

குப்புற விழுந்து தலையை உள்ளே நுழைத்தேன்.
மக்வாலா!
என் குரலே பெருத்து என் மேல் மோதியது.
வங்கியிலிருந்து இரண்டாம் கடிதம் வந்தது, என்றேன்,
உன் பெயரையும் போட்டிருந்தார்கள்.
கோழிக்கூட்டுக் கூரையில் சொருகி வைத்திருக்கிறேன்.
சக்கரம் சும்மா ஒரு பேச்சுக்கு.
மரம் விழும்போது நான் அங்கே இல்லை,
கொட்டகைக்குள் போய்
ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.
சொன்னதையெல்லாம் தாழி
எனக்கே இரண்டாம் முறை படித்துக் காட்டியது.

"கத்தாதே" என்றது அடி இருட்டு.
"பட்டையின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.
கயிற்றைப் பல்லில் கடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்."
பிறகு, கொஞ்சம் தாமதமாக:
"எந்தக் கூரை?"

வெளியே வந்தபோது புருவம்வரை சாம்பல்.
கடைசி அலசல் நீரைக் குடுவையில் மொண்டு நீட்டினாள்.
குடிக்கக் கூடியதாய் இருந்தால்தான்
தாழி சுத்தம் என்று அர்த்தம்.
குடித்தேன்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
மதியம் தாண்டியிருந்தது, அவள் கை நடுங்கியது.

"போன வருடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.

என்னைப் பார்த்தாள்.
தேய்ப்பானை உதறி, முடிச்சைச் சரிபார்த்து,
மெழுகுவத்தியைக் கொளுத்தி என் கையில் தந்தாள்.
"இந்த முறை நீ பேசு.
நிறுத்தினால் நான் இழுப்பேன்."

எங்கிருந்து தொடங்க என்று கேட்டேன்.

கடிதத்திலிருந்து
என்றது தாழி.